ஏற்காடு ஏறும் ஆட்டோமேட்டிக் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது எப்படி: முதலில் கட்டை, அப்புறம் ஜாக்கி

சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு லாரி கிளீனர் கட்டை போடுவது பழகிப்போன காட்சி. சீலநாயக்கன்பட்டி பக்கம் பைபாஸ் ஓரமாக லாரி ஒதுங்கும். அது முழுதாக நிற்பதற்குள் கிளீனர் மரக்கட்டையோடு குதித்து இறங்கி, பின் டயருக்கு அடியில் அதைத் தள்ளி, குதிகாலால் ஒரு உதை உதைத்து இறுக்குவார். ஹேண்ட் பிரேக் போட்டாயிற்றா என்று டிரைவரிடம் கேட்க மாட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமாக அவர் அதை நினைப்பதில்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டில் மாற்ற நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த உதையைப் பற்றித்தான். ஆயிலை வடித்து ஊற்றுவது ஒரு மணி நேர வேலை, பொறுமை இருந்தால் யாராலும் முடியும். ஆனால் அதற்காக ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டிக்கு அடியில் படுக்கப் போகிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, காரைத் தூக்குவதைப் பற்றியே இருக்கும்.

உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாக் காரையும் நாம் ஆட்டோமேட்டிக் என்கிறோம். உள்ளே இருப்பது நான்கு விதம். மாருதி செலேரியோ போன்ற சின்னக் கார்களில் வருவது ஏ.எம்.டி. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி நமக்காக மாற்றுகிறது. அதற்குள் இருப்பது மேனுவல் கியர் ஆயில். இரண்டாவது டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய முறை ஆட்டோமேட்டிக், இதற்குத்தான் ஏ.டி.எஃப். என்ற சிவப்பு ஆயில். மூன்றாவது, தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி., அதற்குத் தனி ஆயில். நான்காவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். அதை வீட்டில் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே பெயருள்ள காரிலேயே இது மாறும். என்னிடம் இருப்பது 2010 மாடல் ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் டார்க் கன்வெர்ட்டர். அதற்கு ஹோண்டாவின் டி.டபிள்யூ-1 ஆயில். 2014-க்குப் பிறகு வந்த சிட்டியில் சி.வி.டி., அதற்கு எச்.சி.எஃப்-2. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார், இது எல்லா வண்டிக்கும் சேரும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். காரோடு வந்த கையேட்டில் எந்த ஆயில் என்று அச்சாகியிருக்கும். அதை போனில் படமெடுத்து, அந்தப் பெயர் டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மலை ஏறும் காருக்கு ஏன் சீக்கிரமே மாற்ற வேண்டும்?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் விழுகிறது, மறுபடி இரண்டாவது கியரில் இழுக்க வேண்டியிருக்கிறது. டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் இரும்பால் நேரடியாகப் பிணைக்கப்படவில்லை. ஒரு விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் எதிரே உள்ள விசிறியைச் சுழற்றுகிறது. மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது இரண்டு விசிறிக்கும் நடுவே வழுக்கல் அதிகம். அந்த வழுக்கல் முழுவதும் ஆயிலில் சூடாகச் சேர்கிறது. சித்திரை வெயிலில், நான்கு பேரோடு, ஏ.சி. போட்டு ஏறுகிற காரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பல கார்க் கையேடுகளில் மலைப்பாதை, கடும் வெயில், நெரிசல் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று தனியாக எழுதி, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஆயுள் முழுவதும் மாற்றவே வேண்டாம் என்று சொல்லி விற்கப்பட்ட ஆயிலும் சூட்டில் கெடத்தான் செய்யும். நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, டி-யில் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் இழுக்கிறது என்றால், புது ஆயில் அதைக் குணப்படுத்தாது. அந்த நிலையில் உள்ள காரை முதலில் ஆட்டோமேட்டிக் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இடம்

சேலத்து வீடுகளில் கார் நிற்கும் போர்டிகோ பெரும்பாலும் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அப்படிப் போடுகிறார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையும் சமமாக இருக்காது. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, காரின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு கோலிக்குண்டைத் தரையில் விடுங்கள். உருண்டு ஓடினால் அந்த இடம் வேண்டாம். என் வீட்டுப் போர்டிகோவில் குண்டு நிற்காமல் கேட் வரை போயிற்று. அதனால் நான் உறவினர் வீட்டு நெல் களத்துக்குக் காரைக் கொண்டுபோய் வேலை செய்கிறேன்.

சிமென்ட் தரைதான் வேண்டும். மண்ணில், தூக்கிய காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் ஒரு பக்கமாக இறங்கும். தார்ச்சாலையும் கூடாது, மே மாத மதியத்தில் தார் இளகி, ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும். டைல்ஸ் வழுக்கும், உடையும். சிமென்ட் தரையிலும் ஸ்டாண்டுக்குக் கீழே முக்கால் அங்குல பிளைவுட் துண்டு ஒன்று வைப்பது நல்லது.

தேவையான சாமான்கள்

காரோடு வரும் கத்தரி ஜாக்கி பஞ்சர் ஆனால் டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி காருக்கு அடியில் தலையைக் கூட நீட்டக் கூடாது. சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ட்ராலி ஜாக்கி, இரண்டு டன் அல்லது மூன்று டன், ஒன்று வேண்டும். மூன்று டன் ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் இல்லாத காராக இருந்தால் இரண்டு ஜோடி. ஆப்பு வடிவத்தில் அறுத்த மரக்கட்டை நான்கு. எந்த மர அறுவைக் கடையிலும் சொன்னால் அறுத்துத் தருவார்கள்.

செங்கல், ஹாலோ பிளாக், அடுக்கிய பலகை, பழைய ரிம் ஆகியவற்றை ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கவே கூடாது. ஹாலோ பிளாக் விரிசல் விட்டு எச்சரித்துவிட்டு உடைவதில்லை. ஒரே நொடியில் தூளாகிவிடும்.

ஆயில் பக்கத்துக்கு: அகலமான டப், நீளக் கழுத்துப் புனல், ஒரு லிட்டர் அளவு குறித்த பாட்டில்கள், ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், ராட்செட், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து உதிரும் ஒரு நூல் உள்ளே போனால், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய துளையில் சிக்கிக்கொள்ளும். நூல் உதிராத பேப்பர் டவல் வையுங்கள். லுங்கியோடு காருக்கு அடியில் போகாதீர்கள், பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

காரைத் தூக்குவது

சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டு மலைப்பாதையில், எட்டாவது வளைவைத் தாண்டியதும் என் காரின் முன் இடது டயர் பஞ்சர். பி-யில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, கத்தரி ஜாக்கியால் தூக்கினேன். டயர் தரையை விட்டு எழும்பியதும் கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. தூக்கிய டயர் என் முகத்துக்கு நேரே, காற்றில், முன்பக்கமாகச் சுழன்றது. ஜாக்கி சாய்ந்தது. பின்னால் வந்த மினி லாரியிலிருந்து ஒருவர் குதித்து ஓடிவந்து பின் டயருக்கு அடியில் ஒரு கல்லை உதைத்துத் தள்ளினார். கார் நின்றது. "முதல்ல கட்டைங்கண்ணா, அப்புறந்தான் ஜாக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வண்டி ஒரு சாண் தூரம்தான் நகர்ந்திருந்தது.

பி-யில் இருந்த கார் எப்படி நகர்ந்தது? பலருக்குத் தெரியாத இந்த விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். பி என்பது நான்கு டயரையும் பூட்டுவதில்லை. கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னக் கொக்கி ஒரு பல்சக்கரத்தில் விழுந்து, இன்ஜின் இழுக்கும் டயர்களை மட்டும் நிறுத்துகிறது. சிட்டி, கிரெட்டா போன்ற கார்களில் அவை முன் டயர்கள். முன் டயர் ஒன்றைத் தூக்கிவிட்டால், நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் வழியாக, தரையில் உள்ள டயர் ஒரு திசையிலும் தூக்கிய டயர் எதிர்த்திசையிலும் சுழல முடியும். கொக்கி விழுந்துதான் இருக்கும், ஆனால் கார் உருளும். மிச்சம் இருப்பது பின் டயர்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். என் காரில் அதன் கேபிள் தேய்ந்திருந்தது.

இன்னோவா கிரிஸ்டா போலப் பின் டயர் இழுக்கும் வண்டியில் நிலைமை இன்னும் மோசம். பின்பக்கத்தைத் தூக்கினால் பி, ஹேண்ட் பிரேக் இரண்டும் ஒரே நேரத்தில் பயனற்றுப் போகும். முன் டயர்களுக்கு வைத்த கட்டைதான் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

அதனால் வரிசை இதுதான். சமதரையில் நிறுத்தி, பி-யில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜினை அணையுங்கள். முன்பக்கத்தைத் தூக்குவதாக இருந்தால் இரண்டு பின் டயர்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கிளீனர் போல உதைத்து இறுக்குங்கள். ஸ்டெப்னியைக் கீழே இறக்கி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகுதான் ஜாக்கி.

எங்கே தூக்குவது, எங்கே ஸ்டாண்ட் வைப்பது என்பதற்கு கையேட்டில் படம் இருக்கும். ட்ராலி ஜாக்கியை முன்பக்க நடுவிலுள்ள உறுதியான சட்டத்தில் வைத்துத் தூக்குவதும், ஸ்டாண்டுகளைக் கதவுக்குக் கீழ் விளிம்பில் வெட்டுக்குறி உள்ள இடத்தில் வைப்பதும் வழக்கம். ஆயில் பான், ரேடியேட்டர் தாங்கி, கியர்பாக்ஸின் அலுமினிய உடல் ஆகியவற்றில் ஜாக்கி படவே கூடாது. கார் ஏற ஏற ட்ராலி ஜாக்கி கொஞ்சம் உருண்டு உள்ளே நகரும். அது இயல்பு, நகரவில்லையென்றால்தான் கார் ஜாக்கியின் மேல் வழுக்கும். அதனால் ஜாக்கியின் சக்கரத்துக்கு முன் கல்லோ துணியோ கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையான உயரம் வந்ததும் இரண்டு ஸ்டாண்டையும் ஒரே பல்லில் நிறுத்தி வைத்து, ஜாக்கியின் வால்வைத் துளித்துளியாகத் திறந்து, காரை அவற்றின் மேல் இறக்குங்கள். ஸ்டாண்டின் தலையில் உள்ள பள்ளத்தில் விளிம்பு நடுவாக உட்கார்ந்திருக்கிறதா, நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். இப்போது காரின் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் பலமாகத் தள்ளி ஆட்டுங்கள். பயந்து லேசாகத் தள்ளுவதில் பயனில்லை. விழப்போகிற கார் நாம் வெளியே நிற்கும்போதே விழட்டும். அசைவோ கிரீச் சத்தமோ இருந்தால் இறக்கிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள். உறுதியாக இருந்தால் ஜாக்கியை மறுபடி சட்டத்தில் தொடுகிற அளவுக்கு ஏற்றி அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்டெப்னியை விளிம்புக்குக் கீழே படுக்கப் போடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அந்த டயரின் பருமன் அளவுக்கு இடைவெளி மிஞ்சும்.

வீட்டில் ஒருவர் பேச்சுக் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வடிப்பது

ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். காரைத் தூக்கும் முன் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த கையோடு செய்ய வேண்டாம். அப்போது ஆயில் 90 டிகிரிக்கு மேல் இருக்கலாம், கையில் பட்டால் தோல் உரியும்.

ட்ரெயின் போல்ட்டைத் தொடும் முன், ஊற்றும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரியை மறக்கவே மறக்காதீர்கள். சில கார்களில் ஊற்றும் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். வடித்த பிறகு அது திறக்காவிட்டால், ஆயில் இல்லாத கார் ஸ்டாண்டில் நிற்கும், அதை ஓட்டி எங்கும் போக முடியாது.

அடுத்தது, சரியான போல்ட்டா என்று உறுதி செய்யுங்கள். இன்ஜின் ஆயில் போல்ட்டும் கியர்பாக்ஸ் போல்ட்டும் அருகருகே இருக்கும். என் காரில் கியர்பாக்ஸ் இடது பக்கம் உள்ளது. அதன் போல்ட்டில் சதுரப் பள்ளம் இருக்கும், எட்டில் மூன்று அங்குல (3/8) ராட்செட் நேராக அதில் உட்காரும். தெரிந்த ஒருவர் வண்டியில், ஒரு பட்டறையில் இன்ஜின் ஆயில் மாற்றுவதாக நினைத்து கியர்பாக்ஸை வடித்துவிட்டார்கள். பிறகு இன்ஜினில் பழைய ஆயிலின் மேலேயே புதிதையும் ஊற்றிவிட்டார்கள். டப்பில் விழுந்தது கறுப்பாக இல்லாமல் சிவந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

போல்ட் கழன்றதும் ஆயில் முதலில் ஒரு முழம் தள்ளிப் பாயும். டப்பைச் சற்று முன்னால் வையுங்கள். சொட்டு நிற்கும் வரை கால் மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் போல்ட்டைப் பாருங்கள். அதன் நுனியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் விழுது போல ஒட்டியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் விபூதி போல மென்மையாக இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகவெட்டுத் துண்டு போலச் செதில் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

ஆயிலையும் வெள்ளைப் பேப்பரில் சொட்டிப் பாருங்கள். சிவப்பு மங்கி டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தால் வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். கறுத்து, கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன. ரோஸ்மில்க் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே முழுவதும் திருகுங்கள். கியர்பாக்ஸ் அலுமினியம், கோணலாக ஏற்றி ஸ்பேனரால் அழுத்தினால் மரை போய்விடும். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச். என் காருக்கு 49 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்குரிய அளவை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

ஊற்றுவது

எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு ஊற்ற வேண்டும். பழைய ஆயிலைப் பாட்டில்களில் ஊற்றி அளக்கும் முன் நன்றாக ஆறவிடுங்கள். சூடான ஆயில் விரிந்திருக்கும். 50 டிகிரி வித்தியாசத்தில் இரண்டரை லிட்டருக்குக் கிட்டத்தட்ட 90 மில்லி கூடுதலாகக் காட்டும். என் காரில் ஒரு முறைக்குச் சுமார் இரண்டரை லிட்டர் வருகிறது. டிப் ஸ்டிக் துளையில் புனல் வைத்து, அதில் நூறு மில்லி குறைவாக ஊற்றி நிறுத்துவேன். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் உறிஞ்சி எடுப்பது பெரும்பாடு.

பிறகு அடியில் ஆளோ சாமானோ இல்லை என்று பார்த்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டை எடுத்து, காரை இறக்குங்கள். கட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இன்ஜினைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி நிறுத்தி, இரண்டு மூன்று சுற்று வாருங்கள்.

அளவு பார்ப்பதில் கம்பெனிக்குக் கம்பெனி முறை வேறு. ஹோண்டாவில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அளவுக்குச் சூடாக்கி, இன்ஜினை அணைத்து, ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக் உள்ள டொயோட்டா ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவு தவறாகக் காட்டும்.

டிப் ஸ்டிக் இல்லாத கார்

புதிய கார்கள் பலவற்றில் டிப் ஸ்டிக் கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அடியில் உள்ள வழிவு போல்ட்டைக் கழற்றி, ஆயில் மெல்லிய சொட்டாக வடிகிறதா என்று பார்ப்பார்கள். நான்கு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும், ஓடும் காருக்கு அடியில் போக வேண்டும். ஆயிலின் சூட்டை அறிய ஸ்கேனர் கருவியும் வேண்டும். பல கார்களில் அந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி மாதிரி குறுகிய எல்லை. நம் ஊர்க் கோடையில் நிழலில் நிற்கும் காரிலேயே மதியம் ஆயில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். இன்ஜின் போட்ட சில நிமிடங்களில் எல்லையைத் தாண்டிவிடும். செய்வதானால் விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும். முதல் முறை செய்பவர்கள் இந்த வகைக் காரை லிஃப்ட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

மறுநாளும் அதற்குப் பிறகும்

இரவு காருக்கு அடியில் தினசரிப் பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புப் பொட்டு இருந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை.

ஒருமுறை வடித்தால் எல்லா ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பிறகு பழையது 60 சதவீதம், இரண்டாவது முறைக்குப் பிறகு 36, மூன்றாவதில் 22. அதனால் ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை செய்கிறேன். ஒரே நாளில் இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை விட, பழைய காருக்கு இந்த நிதானம்தான் ஏற்றது என்பது என் நம்பிக்கை.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சேர்வராயன் மலையில் பிறந்து நகரத்துக்குள் வரும் திருமணிமுத்தாறு ஏற்கெனவே சுமக்க முடியாததைச் சுமக்கிறது. நிலைக்கதவுக்குக் கரையான் வராமல் பூசக் கேட்பவர்களுக்கும் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் வைக்கிற பொருள் இல்லை அது. புது ஆயில் வந்த டப்பாவிலேயே அடைத்து மூடி, கழிவு ஆயில் சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பானெட்டின் உள்பக்கம் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டுங்கள். கட்டை நான்கையும் டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.